சரஸ்வதியிடம் இருந்த நீலக் கோப்பு

லா சப்பல்
14 செப்டம்பர் 2025, ஞாயிறு இரவு

தாட்சா அக்காவுக்கு,

இதை யாருக்கும் காட்டாதீர்கள். பெரியம்மாவுக்கு மட்டுமல்ல, கடையில் உங்களோடு மா பிசைகிற பிரெஞ்சுக்காரர்களுக்குக்கூட வேண்டாம். வாசித்ததும் பாண் வேகிற அடுப்பில் போட்டுவிடுங்கள்.

இப்படிக் கேட்க எனக்கு உரிமை இல்லை என்று தெரியும். உங்கள் இரகசியத்தை மண்டபம் நிறைய ஆட்கள் இருக்கும்போது போட்டு உடைத்தவள் நான்தான். நம் அம்மாக்கள், கூடப்பிறந்த இரண்டு பேர், ஆறு மாதமாகக் கதைக்காமல் இருப்பதும் என்னால்தான். ஆனாலும் எனக்கு வேறு ஆள் இல்லை.

கைபேசியில் எழுத முடியாது. ஒன்பது மணிக்குச் சாருஜன் அண்ணா அதை வாங்கி வைத்துவிடுவார். குளியலறைக் கதவைப் பூட்டிவிட்டு, சலவை இயந்திரத்தின் மேல் ஏறி இருந்து எழுதுகிறேன். கடிதத்தை லாரா கொண்டு வருவாள். என் வகுப்பில் படிக்கிற பாண்டிச்சேரிப் பிள்ளை. வீடு பொண்டியில். நீங்கள் கேக் வேலை பழகுகிற கடையில்தான் அவளுடைய அப்பா பாண் வாங்குகிறாராம். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது.

விஷயம் இதுதான். எங்கள் வகுப்பில் யிங் என்று ஒரு சீனப் பிள்ளை இருக்கிறாள். ஆங்கிலப் பாடத்தில் பக்கத்தில் இருப்பவள். போன வாரம் மர்கரீத் ஆசிரியை இரகசியம் சொல்வதற்கும் நம்பிக் கொடுப்பதற்குமான வினைச்சொற்களைப் படிப்பித்தார். கன்ஃபைட் என்றால் மனதில் உள்ளதை ஒருவரை நம்பிச் சொல்வது. என்ட்ரஸ்ட் என்றால் ஒரு பொருளை நம்பிக் கொடுப்பது. யிங் தன் கொப்பியில் மூன்று வரிசை போட்டாள். முதலாவதில் ஆங்கிலம், இரண்டாவதில் சீனம். மூன்றாவது வரிசையை என் பக்கம் தள்ளி, "உன்னுடைய மொழியில் நீ எழுது" என்றாள்.

வெள்ளிக்கிழமை இடைவேளையில் அவள் முதலாவது வினைச்சொல்லைச் செய்தாள். அவளுக்கும் அவளுடைய அம்மாவுக்கும் விசா இல்லையாம். லா கூர்னெவ்வில் மூன்று குடும்பங்கள் இருக்கிற வீட்டில் ஒரு அறையில் இருக்கிறார்கள். அழுதுகொண்டு சொல்லவில்லை. ஆப்பிள் சாப்பிட்டுக்கொண்டு சொன்னாள். பிறகு இரண்டாவதையும் செய்தாள். பையைத் திறந்து ஒரு தடித்த நீலக் கோப்பை என் கையில் தந்தாள். ஏழு வருடம் இங்கே இருந்ததற்கான பேப்பர் எல்லாம் அதற்குள் இருக்கிறது. அந்த வீட்டில் யாரோ இவர்களுடைய ஒரு பையைக் குப்பை என்று எறிந்துவிட்டார்களாம். விசா கொடுக்கிற அரச கந்தோரில், அதுதான் பிரிஃபெக்சரில், சந்திப்பு நாள் வரும்வரை நான் வைத்திருக்க வேண்டும். யாருக்கும் சொல்லக்கூடாது.

நான் ஓம் என்றுவிட்டேன். இப்போது பயமாக இருக்கிறது. அப்பாவின் சட்டம் உங்களுக்குத் தெரியும்தானே, பிறத்தியாரின் பேப்பர் எங்கள் வீட்டுக்குள் வரக்கூடாது. அந்தக் காலத்தில் யாரோ ஒருவரின் பையை வைத்திருந்து, விடிய ஆறு மணிக்குப் பொலிஸ் வந்து கதவைத் தட்டியதில் இருந்து அப்படி. இன்றைக்கும் காலையில் யாராவது தட்டினால் அப்பா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிடுவார்.

நீங்கள் அதை வாங்கி வைத்திருப்பீர்களா? என்னிடம் எதுவும் தங்காது, உங்களுக்கே தெரி

அண்ணா தட்டுகிறார்

*

பொண்டி
17 செப்டம்பர்

ஜனுசா,

உன் கடிதத்தை அடுப்பில் போடவில்லை. அது மின்சார அடுப்பு. உள்ளே காகிதம் எரிந்தால் முழுக் கட்டடத்துக்கும் மணி அடிக்கும், எங்கள் முதலாளி ஸ்ரனிஸ்லாஸ் என்னை அடுப்பில் போடுவார். மாப்பெட்டிக்கு அடியில் இருக்கிறது.

கோப்பை நான் வாங்க மாட்டேன். அந்தப் பிள்ளை நம்பித் தந்தது உன்னை, என்னை அல்ல. பாரமாக இருக்கிறது என்று அடுத்தவர் தலையில் வைப்பது உனக்குப் பழக்கம். மார்ச் மாதம் என் பாரத்தையும் அப்படித்தான் இறக்கி வைத்தாய்.

நான் மேல்வகுப்புப் படிக்க லீசேக்குப் போகவில்லை, கேக் வேலை பழகப் போகிறேன் என்று உனக்கு மட்டும்தான் சொன்னேன். அப்பாவிடம் கையெழுத்து வாங்கிவிட்டு அம்மாவுக்கு நானே ஆறுதலாகச் சொல்ல இருந்தேன். சொந்தக்காரப் பிள்ளை பெரியவளானதற்குச் செய்த சாமத்தியவீட்டு மண்டபத்துக்குள் நான் வரும்போது அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. உன்னைத் தேடினேன். நீ கழிவறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டாய்.

கேட்டதற்காக ஒன்று மட்டும் சொல்கிறேன். கட்டிலுக்குக் கீழே வைக்காதே, சித்தி ஒவ்வொரு சனியும் கூட்டுகிறவ. உன் பாடப் புத்தகங்களோடு தட்டில் நிறுத்தி வை. வெளியே பெரிய எழுத்தில் "ஆங்கிலம்" என்று எழுது. உன் வீட்டில் அதைத் திறக்கிற ஆள் இல்லை. நீ உட்பட.

தாட்சாயினி

*

லா சப்பல்
21 செப்டம்பர், ஞாயிறு இரவு

அக்காவுக்கு,

நீங்கள் சொன்னபடியே செய்தேன். இப்போது அது கணக்குப் புத்தகத்துக்கும் அகராதிக்கும் நடுவில் நிற்கிறது. அண்ணா நேற்றுக் கண்டுவிட்டு, "என்னடி, இங்கிலீசுக்கு இவ்வளவு மொத்தமான கோப்பு? மார்க்கைப் பாத்தா அப்பிடித் தெரியேல்லையே" என்றார். நான் சிரித்தேன். சிரிப்பு அழுகை மாதிரி வந்தது.

ஒரு தரம் மட்டும் திறந்து பார்த்தேன். யிங்கிடம் கேட்டுவிட்டுத்தான். மருந்துக்கடை ரசீது, முத்திரை குத்திய கடித உறை, மாதாந்த ரயில் அட்டையின் துண்டு, யிங்கின் பள்ளிக்கூடச் சான்றிதழ், பல் பிடுங்கிய தாள். ஒவ்வொரு மாதத்துக்கும் ஏதோ ஒன்று. அவளுடைய அம்மா நகம் பூசுகிற கடையில் வேலை. ஒரு துண்டைக்கூட எறிவதில்லையாம்.

மார்ச் மாதத்தைப் பற்றி எழுத வேண்டும். பெரியம்மா என்னிடம், "உன்ரை அக்கா எந்த லீசே எடுத்திருக்கிறாள், உனக்குச் சொல்லியிருப்பாளே" என்று கேட்டா. பக்கத்தில் ஐந்தாறு அன்ரிமார் வடை சாப்பிட்டுக்கொண்டு நின்றார்கள். நான் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பெரியம்மாவுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்ற பெருமை வந்துவிட்டது. அதுதான் உண்மை. வாய் தவறி வந்தது என்று எல்லாரிடமும் சொன்னேன். உங்களிடம் பொய் சொல்ல விருப்பமில்லை.

யிங்கின் கொப்பியில் அதற்கும் ஒரு சொல் இருக்கிறது. ஆங்கிலத்தில் லெட் ஸ்லிப், வழுக்கி விழ விடுவது. சீனத்தில் வாய் ஒழுகுவது என்று சொல்வார்களாம். மூன்றாவது வரிசையில் நான் ஓட்டைவாய் என்று எழுதினேன். அர்த்தம் சொன்னதும் யிங் மேசையில் தலை வைத்துச் சிரித்தாள். "உங்களுக்கும் ஒழுகுமா!" என்றாள். மனதில் உள்ளதைச் சொல்வதற்கு அவர்கள் பாத்திரத்தைச் சாய்த்து ஊற்றுவது போல ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். நான் மனதைக் கொட்டுவது என்று எழுதினேன். நம்பிக் கொடுப்பதற்கான எழுத்தை அவள் பெரிதாக வரைந்து, இடது பக்கத்தைக் காட்டி, இது கை என்றாள். நான் கையளிப்பது என்று எழுதி, எங்களுடையதிலும் கை இருக்கிறது என்று காட்டினேன்.

மன்னித்துவிடுங்கள் என்று எழுத நினைத்துத்தான் இவ்வளவும் எழுதினேன்.

ஜனுசா

*

பொண்டி
25 செப்டம்பர்

ஜனுசா,

ஓட்டைவாய் என்று நீயே எழுதிக் கொடுத்தாயா? நான் வைத்த பெயர் இப்போது சீனாவரைக்கும் போய்விட்டது. கிறீம் கிண்டிக்கொண்டு நின்று சிரித்தேன். கிறீம் திரைந்துவிட்டது. ஸ்ரனிஸ்லாஸ் என்ன கடிதம் என்று கேட்டார். மின்சாரக் கட்டணம் என்றேன்.

பெருமையில் சொன்னேன் என்று எழுதியிருந்தாய். இரண்டு தரம் வாசித்தேன். அது வாய் தவறியது என்று சித்தி தொலைபேசியில் அம்மாவிடம் சொன்னபோது எனக்கு வந்த கோபம், இதை வாசித்தபோது வரவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

எனக்கு நொந்தது நீ சொன்னதில்லை. அம்மா எப்படியும் ஒருநாள் கத்தியிருப்பா. கத்தி முடிந்து இப்போது நான் செய்கிற கிறீம் வைத்த எக்லேரை அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்துப் புழுகுகிறா. நீ சொல்லிவிட்டு, "அக்கா, நான் சொல்லிப்போட்டன், கவனம்" என்று வாசலில் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லையே. அது மட்டும் போதுமாக இருந்தது. ஒன்றும் தெரியாமல் சிரித்துக்கொண்டு உள்ளே வந்தேன். எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள், சேலை நல்லாயிருக்கிறது போல என்று நினைத்தேன்.

அந்த அம்மாக்களின் சண்டை வேறு. "உன்ரை பிள்ளை சபையில வைச்சு என்ரை மானத்தை வாங்கிப்போட்டாள்" என்றா என் அம்மா. "உன்ரை பிள்ளை உனக்கே சொல்லேல்லையெண்டால் அது ஆற்றை பிழை" என்றா சித்தி. இரண்டு பேரும் இப்போது ஒருத்தர் மற்றவர் எடுக்கட்டும் என்று போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கோப்பைக் கவனமாக வைத்திரு. சந்திப்பு எப்போது என்று தெரிந்தால் எழுது. சும்மா, அறியத்தான்.

தாட்சா

*

லா சப்பல்
29 செப்டம்பர், திங்கள் இரவு

அக்கா,

கோப்பு போய்விட்டது. தொலையவில்லை, அதைவிட மோசம்.

இன்றைக்கு யிங் வகுப்பில், "நாளைக்குக் கொண்டுவா, புதன் காலை ஒன்பதேகாலுக்குச் சந்திப்பு" என்றாள். வீட்டுக்கு வந்து தட்டைப் பார்த்தால் கோப்பு நின்ற இடம் வெறும் இடம். வரவேற்பறை மூலையில் அம்மா நவராத்திரிக் கும்பத்துக்கு முன்னால் புத்தகங்களை அடுக்கிப் பூப் போட்டிருந்தா. இன்றைக்கு ஏழாம் நாள், சரஸ்வதியின் மூன்று நாளும் தொடங்குகிற நாள். அண்ணாவின் கணக்குப் புத்தகம், என் அகராதி, எல்லாவற்றுக்கும் மேலே நீலக் கோப்பு. நடுவில் சந்தனம், அதில் குங்குமம்.

அம்மா சந்தோஷமாகச் சொன்னா: "உனக்கு இங்கிலீசுதானே வராது. அதுதான் முழுசாத் தூக்கி அம்பாளின்ரை மடியில வைச்சிட்டன். இனி வியாழக்கிழமை விசயதசமிப் பூசைக்குப் பிறகுதான் ஒருத்தரும் தொடலாம். தொட்டா வாற படிப்பும் வராது."

புதன்கிழமை காலைக்கு வேண்டும், அக்கா. வியாழக்கிழமை கொடுத்து என்ன செய்வது? இந்தச் சந்திப்புக்கு யிங்கின் அம்மா பதினொரு மாதம் காத்திருந்தவ.

அம்மா நித்திரையானதும் எடுக்கலாம் என்று இரண்டு தரம் எழும்பிப் போனேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கை நீட்டினேன், நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. சாமிக்குப் பயம், அம்மாவுக்குப் பயம். எடுத்தால் விடிய அம்மா வீட்டைத் தலைகீழாக்கித் தேடுவா. அண்ணா என் பையைக் கொட்டுவார். அப்பாவுக்குத் தெரியவரும். அம்மாவிடம் சொன்னாலோ, யிங்குக்குக் கொடுத்த வாக்குப் போய்விடும். இன்னொரு தரம் ஓட்டைவாயாக மாட்டேன். சொல்லாவிட்டால் அவர்களுடைய ஏழு வருடம் போய்விடும்.

லாராவிடம் விடியவே கொடுத்து, பாடம் தொடங்க முன்னம் உங்களுக்கு போனில் வாசித்துக் காட்டச் சொல்லலாம் என்றால் அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. படம் எடுத்து அவளுடைய போனில் அனுப்பச் சொல்லப்போகிறேன். தயவுசெய்து உடனே பதில் எழுதுங்கள்.

*

30 செப்டம்பர், காலை 7.40
லாராவின் போனுக்கு, தாளில் எழுதி எடுத்த படம்

களவாக எடுக்காதே. சொல்லாமலும் இராதே.

முதலில் யிங்கிடம் போய் நடந்ததை அப்படியே சொல்லு. பிறகு, "என் அம்மாவிடம் சொல்லலாமா?" என்று கேள். இரகசியம் அவளுடையது. திறப்பதா இல்லையா என்று அவள் சொல்லட்டும்.

நீ என்னிடம் கேட்டிருந்தால் நானும் மார்ச்சில் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன், விசரி.

மா புளித்துக்கொண்டிருக்கிறது. ஓடு.

*

லா சப்பல்
1 அக்டோபர், புதன் இரவு

அக்கா,

கேட்டேன். யிங் முகம் வெள்ளையாகிவிட்டது. பிறகு, "உன் அம்மா அதைக் கடவுளிடம் கொடுத்தாவா?" என்றாள். ஓம் என்றேன். "கடவுளிடம் இருந்து யார் திருப்பி வாங்குவது?" என்றாள். அம்மாதான் என்றேன். "அப்படியென்றால் அம்மாவிடம் சொல்லு. அம்மாவிடம் மட்டும்."

நேற்றுப் பின்னேரம் அம்மா சமைத்துக்கொண்டு நிற்கும்போது சொன்னேன். எல்லாவற்றையும். அடி விழும் என்று அகப்பையையே பார்த்துக்கொண்டு சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்தா. கும்பத்துக்கு முன்னால் போய் இருந்தா.

"அந்தப் பிள்ளை உன்னட்டை அடைக்கலமாத் தந்ததோ?"

"ஓம்."

"எங்களின்ரை சாமானைத்தான் சாமிக்கு வைக்கலாம். அடைக்கலமா வந்ததை எடுத்துப் படைக்க நான் ஆர்? பிழை என்னிலை." விளக்கைத் தூண்டி, கும்பிட்டு, கோப்பைத் தூக்கினா. வெறும் இடத்தைப் பார்த்துவிட்டு, "உன்ரை உண்மையான இங்கிலீஸ் கொப்பியைக் கொண்டுவா" என்றா. கொண்டுவந்து கொடுத்தேன். உள்ளே புரட்டினா. "இவ்வளவு சிவப்பு மையா? இது கட்டாயம் இருக்கவேணும்" என்று அதே இடத்தில் வைத்தா.

பிறகுதான் பெரிய பிரச்சினை. "ஒருக்காப் பாக்கவேணும், பேப்பர் ஒழுங்கா இருக்கோ எண்டு. எனக்கு உது தெரியாது, கொப்பாவுக்குத்தான் தெரியும். ஆனா அந்தப் பிள்ளை எனக்கு மட்டும்தானே சொல்ல விட்டவள்? கேள் அவளை." அண்ணாவிடம், "குடடா போனை!" என்று கத்தினா. அண்ணா திகைத்துப்போய்க் கொடுத்தார்.

யிங் தன் அம்மாவிடம் நெடுநேரம் சீனத்தில் கதைத்தாள். பிறகு, "உன் அப்பாவும் இப்படிப் பேப்பர் சேர்த்தவரா என்று அம்மா கேட்கிறா" என்றாள். பத்து வருடம் என்றேன். "அப்படியென்றால் அவருக்குத் தெரியட்டும்."

அப்பா உணவகத்து வேலை முடிந்து வர இரவு பன்னிரண்டரை. நாங்கள் இருவரும் நிலத்தில் முழித்துக்கொண்டிருப்பதைக் கண்டதும், "ஆர் செத்தது?" என்றார். அம்மா சொன்னா. நான் சுவரோடு ஒட்டி நின்றேன். அப்பா சப்பாத்தைக் கழற்றாமல் கோப்பையே பார்த்தார். பிறகு குசினிக்குள் போய் வெங்காய மணம் போக மூன்று தரம் கை கழுவினார்.

"பாவங்கள், எல்லாம் வருசம் மாறிக் கிடக்கு. உப்பிடிக் குடுத்தா கந்தோரில இருக்கிறவன் இரண்டு தாள் பிரட்டிப்போட்டு மூடிவிடுவான்." பாய் முழுக்க வருடம் வருடமாகப் பரப்பினார். 2021இல் மார்ச் மாதம் இல்லை. அப்பாவின் முகம் சுருங்கியது. "ஒரு மாசம் குறைஞ்சதாலைதான் என்னையும் திரும்ப வரச்சொன்னவங்கள்." மூன்று பேரும் தேடினோம். அண்ணாவும் எழும்பி வந்து, ஏன் என்று கேட்காமல் தேடினார். கடைசியில் ஒரு மருந்துச் சீட்டு பிளாஸ்ரிக் உறைக்குள் இன்னொரு தாளின் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தது அண்ணாதான். மார்ச் 2021. அப்பா அதை நெஞ்சோடு வைத்துச் சிரித்தார். என்னிடம் அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "பயமா இருந்தால் இனி முதல் நாளே சொல்லு. பயத்தை வைச்சிருக்கிறதில எனக்குத்தான் அனுபவம் கூட."

இன்றைக்கு விடிய ஏழேகாலுக்கு கார் து நோர் ரயில் நிலைய வாசலில் யிங்கின் அம்மாவிடம் அம்மாவே கொண்டுபோய்க் கொடுத்தா. இரண்டு கையாலும். அவவும் இரண்டு கையாலும் வாங்கினா. கோப்பில் சந்தனப் பொட்டு அப்படியே இருந்தது. அம்மா துடைக்கப் போக, அவ வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டா.

மத்தியானம் யிங் போன் எடுத்தாள். வாங்கிவிட்டார்களாம். முத்திரை குத்திய தாள் ஒன்று தந்தார்களாம். இனிக் காத்திருக்க வேண்டும். காத்திருப்பது எங்களுக்குத் தெரியும் என்றாள்.

இரவு அம்மா கேட்டா: "சொல்ல முன்னம் சொந்தக்காரியைக் கேக்கவேணும் எண்டு உனக்கு ஆர் சொல்லித் தந்தது? உன்ரை மூளையில்லை அது." நான், "அவவிட்டைக் கேட்டுப்போட்டுச் சொல்லுறன்" என்றேன். அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தா.

ஆகவே கேட்கிறேன். சொல்லலாமா?

ஜனுசா

*

பொண்டி
2 அக்டோபர்

சொல்லு.

ஞாயிறு மூன்று மணிக்கு வருகிறேன். எக்லேர் பன்னிரண்டு. யிங்கையும் வரச் சொல்லு, சந்தனம் வைக்காத எக்லேர் அவளுக்குத் தனியாக. அம்மாவிடமும் கேட்டுப் பார்ப்பேன். வருவா என்று நினைத்துக்கொண்டு இருக்காதே.

தாட்சா

*

லா சப்பல்
5 அக்டோபர், ஞாயிறு, பகல் இரண்டு ஐம்பது

அக்கா,

நீங்கள் வந்துகொண்டிருக்கிறீர்கள், இதை வாசிக்கத் தேவையில்லை. ஆனால் சும்மா இருக்க முடியவில்லை. குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன். அம்மா பக்கத்தில் நிற்கிறா, எட்டிப் பார்க்கிறா, நான் மறைக்கவில்லை.

உங்கள் பெயரைச் சொன்னதும் அம்மா தக்காளி வெட்டுவதை நிறுத்தவில்லை. ஒன்று முழுதாக வெட்டி முடித்துவிட்டு, "அவள் சின்னனிலயே கெட்டிக்காரி" என்றா. இன்னொன்றை எடுத்தா. "என்ரை அக்காவைப் போலதான் வீம்பு." பிறகு போனை எடுத்தா, வைத்தா, எடுத்தா. அழைத்தாவா என்று எனக்குத் தெரியாது, கதவைச் சாத்திவிட்டா. ஆனால் இன்றைக்கு அரிசி இரண்டு சுண்டு கூடப் போட்டிருக்கிறா. கேட்டால், "யிங் சாப்பிடமாட்டாளே?" என்கிறா. யிங் அவ்வளவு சாப்பிட மாட்டாள். அவள் இப்போது வரவேற்பறையில் சாருஜன் அண்ணாவுக்கு என் ஆங்கில மார்க்கைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். மூன்று வரிசைக் கொப்பியையும் கொண்டுவந்திருக்கிறாள். இன்னும் ஒரு சொல்லுக்கு மூன்றாவது வரிசை வெறுமையாக இருக்கிறது. உங்களிடம் கேட்டு நிரப்பலாம் என்று விட்டு

கீழ்க் கதவு சாத்தும் சத்தம். படியில் ஏறுகிறார்கள். ஒரு ஆளின் காலடி மட்டுமில்லை. நாலாம் மாடியில் யாரோ மூச்சு வாங்க நின்று, "இன்னும் லிஃப்ட் இல்லாத வீட்டிலதான் இருக்கிறாள் இவள்" என்று சொல்கிறா. அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டா. அக்கா, அது பெரியம்மாவின் குரல், அம்மா கையைக்கூடத் துடைக்கவில்லை, பெரியம்மா கதவைத் தட்டுகிறா